வாயிலில் கேட்கப்படும் கேள்விகள்

கிறிஸ்தவ சர்வகலாசாலைகளிற் பட்டப்பின் படிப்புக்குச் செல்ல விரும்புவோர்க்குச் சில குறிப்புகள்

பட்டம் பெற்ற மகனோ மகளோ மேலும் படிக்க விரும்புகிறார் என்றால் மகிழாத பெற்றோர் இல்லை. ஆயினும், விண்ணப்பம் அனுப்பப்பட இருப்பது ஒரு கிறிஸ்தவ சர்வகலாசாலைக்கு என்று அறிந்தவுடன், அம்மகிழ்ச்சியோடு வேறோர் எண்ணமும் வீட்டினுள் நுழைந்துவிடுகிறது. சைவக் குடும்பமாயின், “அங்கே போனால் மதம் மாறச் சொல்வார்களோ?” என்னும் அச்சம் பிறக்கிறது. கிறிஸ்தவக் குடும்பமாயின், “நாங்கள் அவர்களுடைய ஆட்கள்தானே, புள்ளி சற்றுக் குறைந்தாலும் சேர்த்துக்கொள்வார்கள்” என்னும் நம்பிக்கை பிறக்கிறது.

அந்த அச்சமும் இந்த நம்பிக்கையும் பெரும்பாலும் ஆதாரமற்றவை. ஒன்று நல்ல மாணவனை விண்ணப்பிக்காமலே தடுத்துவிடுகிறது. மற்றது ஆயத்தமில்லாத மாணவனை ஏமாற்றத்துக்கு அனுப்புகிறது. இரண்டிலும் இழக்கப்படுவது பிள்ளையின் அரிய காலமும் குடும்பத்தின் அரிய பணமும் ஆகும். ஆகவே, இத்தகைய கலாபீடங்களின் வாயிலில் உண்மையாகவே கேட்கப்படுவது யாது என்பதை இங்கு சற்று விரிவாக நோக்குவோம்.

கையொப்பம் கேட்ட காலம்

நமது பெற்றோரின் அச்சம் வெறுங்கற்பனையன்று. அவ்வாறு கேட்ட காலம் ஒன்று இருந்தது. ஒக்ஸ்போர்ட் சர்வகலாசாலையில் 1581ஆம் ஆண்டு முதல், புதிதாகச் சேர வரும் மாணவன் இங்கிலாந்துத் திருச்சபையின் 39 கோட்பாடுகளையும் தான் ஏற்பதாகக் கையொப்பமிட வேண்டியிருந்தது. கேம்பிரிட்ஜில் வழக்கம் சற்று வேறு. அங்கே படிக்க நுழையலாம். ஆனால் பட்டம் பெறும் வேளையிலே கையொப்பம் கேட்கப்பட்டது. யூதர், கத்தோலிக்கர், பிற சபையைச் சேர்ந்த கிறிஸ்தவர் ஆகியோர் யாவரும் இதனால் வெளியே நின்றனர்.

ஜேம்ஸ் யோசேப் சில்வெஸ்டர் என்னும் கணித மேதை யூத குலத்தவர். அவர் 1837இல் கேம்பிரிட்ஜின் கணிதப் பரீட்சையில் இரண்டாம் இடத்தைப் பெற்றார். எனினும் பட்டம் அவருக்குக் கிட்டவில்லை. 1841இல் டப்ளின் நகரத்துத் திரினிற்றிக் கல்லூரியே அவருக்குப் பட்டங்களை அளித்தது. அகஸ்டஸ் டி மோர்கன் என்னும் மற்றொரு கணித அறிஞர் முதற் பட்டத்தைக் கேம்பிரிட்ஜிலே பெற்றவர். முதுமாணிப் பட்டத்துக்கான சமயப் பிரமாணத்திற் கையொப்பமிட அவர் மனம் இசையவில்லை. ஆதலால் அப்பட்டத்தையே அவர் விட்டுவிட்டார். சமயப் பிரமாணம் எதுவும் கேட்பதில்லை என்னும் கொள்கையோடு 1826இல் இலண்டனில் நிறுவப்பட்ட புதிய கலாபீடம் 1828இல் அவரைக் கணிதப் பேராசிரியராக ஏற்றுக்கொண்டது.

1854இலும் 1856இலும் இயற்றப்பட்ட சட்டங்கள் ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ் ஆகிய இரண்டினதும் முதற் பட்டத்துக்கான கதவைத் திறந்துவிட்டன. ஆனால் மேற்பட்டத்தினால் வரும் உரிமைகளுக்கும் கல்லூரிப் பதவிகளுக்கும் பழைய தடையே நீடித்தது. 1869இல் கேம்பிரிட்ஜின் கணிதப் பரீட்சையில் முதலிடம் பெற்ற நூமா ஹார்ட்டொக் என்னும் யூத இளைஞருக்கு, அந்த முதலிடத்துக்கு வழக்கமாகக் கிடைக்கும் கல்லூரிப் பதவி கிடைக்காமற் போயிற்று. இந்த அநீதி நாடெங்கும் பேசப்பட்டது. 1871இல் நிறைவேறிய சட்டம், இறையியற் பட்டங்கள் நீங்கலாக ஏனைய எல்லாப் பட்டங்களுக்கும் சமயப் பிரமாணம் வேண்டியதில்லை என்று விதித்தது. பட்டம் மறுக்கப்பட்ட அதே சில்வெஸ்டர் 1883இல் ஒக்ஸ்போர்ட்டிலே கணிதப் பேராசிரியராக அமர்ந்தார் என்பது இவ்வரலாற்றின் இனிய முடிவாகும்.

இம்மாற்றத்தின் பயனை நமது நாடும் அனுபவித்தது. இலண்டன் சர்வகலாசாலை 1858 முதல் தன் பரீட்சைகளை எங்கிருந்து படித்தவர்க்கும் திறந்துவிட்டது. 1921இல் கொழும்பில் ஆரம்பிக்கப்பட்ட யூனிவேர்சிற்றிக் கல்லூரியும் இலண்டன் பட்டங்களுக்கே மாணவரை ஆயத்தஞ் செய்தது. எச்சமயத்தவர் என்று கேளாத அப்பட்டமே அக்காலத்து ஆசிரியர் பலருக்கும் உத்தியோகத்தர் பலருக்கும் வாழ்வளித்தது.

செராம்பூரும் வட்டுக்கோட்டையும்

இங்கிலாந்தில் இவ்வாறு கதவு மூடியிருந்த காலத்திலேயே, கிழக்கு நாட்டில் ஒரு கிறிஸ்தவக் கல்லூரி கதவை அகலத் திறந்து வைத்தது. வங்காளத்தில் ஊக்ளி நதிக்கரையில் உள்ள செராம்பூர் அக்காலத்தில் டென்மார்க் அரசுக்கு உரியதாயிருந்தது. அங்கே 1818இல் வில்லியம் கேரி, யோசுவா மார்ஷ்மன், வில்லியம் வார்ட் ஆகிய மூன்று பாப்திஸ்து மிஷனரிமார் ஒரு கல்லூரியை நிறுவினர். கிறிஸ்தவ இளைஞர்க்கு மாத்திரமன்றி ஏனையோர்க்கும் கீழைத்தேச இலக்கியத்தையும் மேலைத்தேச விஞ்ஞானத்தையும் கற்பிப்பது அவர்கள் நோக்கம். 1827இல் டென்மார்க் மன்னர் ஆறாம் பிரெடெரிக் அக்கல்லூரிக்குப் பட்டம் வழங்கும் உரிமையைச் சாசனமாக அளித்தார். சாதியோ நிறமோ நாடோ எவருக்கும் பிரவேசத் தடையாகாது என்று 1833இல் வகுக்கப்பட்ட கல்லூரி விதிகள் கூறின. இங்கிலாந்தின் ஒக்ஸ்போர்ட் இவ்வளவு தூரம் வர இன்னும் முப்பத்தெட்டு ஆண்டுகள் செல்லவேண்டியிருந்தது.

யாழ்ப்பாணத்திலும் இதே காலத்தில் இதே போன்றதொரு முயற்சி நடைபெற்றது. அமெரிக்க மிஷனரிமார் 1823இல் வட்டுக்கோட்டையில் தமிழ் இளைஞர்க்கென ஓர் உயர்கல்லூரியை அமைக்கத் திட்டமிட்டனர். ஆனால் பிரித்தானிய அரசாங்கம் கல்லூரிச் சாசனம் அளிக்க இணங்கவில்லை. ஆகவே அது வட்டுக்கோட்டை செமினரி என்ற பெயரோடு நடந்து 1855இல் மூடப்பட்டது. பட்டம் அளிக்கும் உரிமை அதற்கு இல்லாவிடினும், பட்டத்துக்குத் தகுந்த கல்வியை அது அளித்தது. 1857இல் சென்னைச் சர்வகலாசாலை தன் முதற் பட்டதாரிகள் இருவரைத் தேர்ந்தபோது, அவ்விருவரும் வட்டுக்கோட்டையிற் படித்த யாழ்ப்பாணத்தவராகவே இருந்தனர். ஒருவர் கறல் விசுவநாதபிள்ளை. மற்றவர் பின்னாளிற் பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்துப் புகழ்பெற்ற சி. வை. தாமோதரம்பிள்ளை.

செராம்பூரின் கதைக்கு மீளுவோம். டென்மார்க் 1845இல் அவ்வூரைப் பிரித்தானியருக்கு விற்றபோதும் கல்லூரியின் சாசன உரிமை அழியவில்லை. 1915இல் அச்சாசனத்தின்படி முதல் இறையியற் பட்டங்கள் வழங்கப்பட்டன. 1918இல் வங்காளச் சட்டசபை இயற்றிய செராம்பூர்க் கல்லூரிச் சட்டம் அவ்வுரிமையை உறுதி செய்தது. இன்று இந்தியாவிலும் அயல் நாடுகளிலும் உள்ள பல இறையியற் கல்லூரிகள் செராம்பூர் செனற் சபையின் பட்டங்களுக்கே மாணவரைப் பயிற்றுகின்றன. கண்டிக்கு அண்மையில் பிலிமத்தலாவையில் 1963இல் நிறுவப்பட்ட இலங்கை இறையியற் கல்லூரியும் அவற்றுள் ஒன்று.

மூவகைக் கலாபீடங்கள்

இனி, இன்றைய நிலையை நோக்குவோம். ‘கிறிஸ்தவ சர்வகலாசாலை’ என்ற ஒரே பெயரால் நாம் அழைக்கும் கலாபீடங்கள் பிரவேச விதிகளைப் பொறுத்தவரை மூவகைப்படும். விண்ணப்பிக்குமுன் எவ்வகையை நாம் நாடுகிறோம் என்று தெளிதல் அவசியம்.

முதல் வகை, கிறிஸ்தவ சபையொன்றினால் நிறுவப்பட்டு, எல்லாச் சமயத்தவரையும் ஏற்கும் பெரிய சர்வகலாசாலைகள். அமெரிக்காவின் இந்தியானா மாகாணத்தில் 1842இல் கத்தோலிக்கத் துறவிமார் நிறுவிய நோத்ர டாம் இதற்கு நல்ல உதாரணம். இரசாயனத்தையோ பொறியியலையோ ஆராயச் செல்லும் பட்டதாரியிடம் அவர் சமயத்தை ஒரு பிரவேச நிபந்தனையாக அங்கு கேட்பதில்லை. முதற் பட்டம், பரீட்சைப் பெறுபேறுகள், ஆசிரியர்களின் பரிந்துரைக் கடிதங்கள், ஆய்வு நோக்கத்தை விளக்கும் கட்டுரை, ஆங்கில அறிவு ஆகியவையே அங்கு நிறுத்துப் பார்க்கப்படுகின்றன. இவற்றிற் குறைவுடைய ஒருவரைக் கிறிஸ்தவர் என்ற காரணத்தால் அங்கு சேர்ப்பதுமில்லை.

இரண்டாம் வகை, ஆசிரியரும் மாணவரும் ஒரே விசுவாசத்தில் வாழும் சமூகமாகத் தம்மைக் கருதும் கலாபீடங்கள். இல்லினோய் மாகாணத்தில் 1860இல் தோன்றிய வீட்டன் கல்லூரி இவ்வகையைச் சேர்ந்தது. அங்கே சேர்வோர், விசுவாசத்தையும் ஒழுக்கத்தையும் பற்றிய ஒரு சமூக உடன்படிக்கையை ஏற்க வேண்டும். இதனை அவர்கள் மறைப்பதில்லை, முன்கூட்டியே வெளியிடுகிறார்கள். ஆகவே, படித்துப் பார்த்து, மனச்சாட்சிக்கு ஏற்குமாயிற் கையொப்பமிடலாம். ஏற்காதாயின் வேறிடம் நாடலாம்.

மூன்றாம் வகை, இறையியலையே கற்பிக்கும் கலாபீடங்கள். இங்கே பெரும்பாலும் குருத்துவப் பணிக்கு ஆயத்தஞ் செய்வதே நோக்கமாதலால், மாணவன் சார்ந்த திருச்சபையின் ஆதரவுக் கடிதம் வழக்கமாக எதிர்பார்க்கப்படுகிறது. ஆனால் சபையின் ஆதரவு இருந்தால் மாத்திரம் போதும் என்று எண்ணுவது பெருந்தவறு. இதனைச் சற்று விளக்குவோம்.

இறையியற் படிப்பின் ஏணி

செராம்பூர் செனற் சபையின் கீழ் முதுமாணிப் படிப்புக்குச் செல்வதற்கு, முதலில் பி.டி. எனப்படும் இறையியல்மாணிப் பட்டத்தைப் பெற்றிருத்தல் வேண்டும். அதிலும் வெறுஞ்சித்தி போதாது. நல்ல தரத்தில் தேறியிருக்க வேண்டும். அதன்மேல் ஒரு பிரவேசப் பரீட்சையும் உண்டு. பழைய ஏற்பாட்டைச் சிறப்பாக ஆராய விரும்புவோர்க்கு எபிரேய மொழியும், புதிய ஏற்பாட்டை ஆராய விரும்புவோர்க்குக் கிரேக்க மொழியும் தெரிந்திருத்தல் வேண்டும். ஒரு நூலை அதன் மூலமொழியிற் படிக்கமாட்டாதவர் அதனை ஆராய்ந்து தீர்ப்புக் கூறுதல் எவ்வாறு? திருக்குறளை மொழிபெயர்ப்பில் மாத்திரம் படித்த ஒருவர் பரிமேலழகர் உரையைத் திருத்தப் புகுந்தால் நாம் ஏற்போமா? அதே நியாயந்தான் இங்கும்.

கத்தோலிக்க திருச்சபையின் இறையியற் பீடங்களிலும் ஏணி ஒழுங்காக அமைந்துள்ளது. மெய்யியலில் இரண்டாண்டுகள் கற்றபின் இறையியலில் மூன்றாண்டுகள் கற்பது முதற்படி. அதன்பின் இரண்டாண்டுகள் கற்று இலைசென்சியேற் பட்டம் பெறுவது இரண்டாம் படி. கலாநிதிப் பட்டம் மூன்றாம் படி. முதற்படியை ஏறாதவர் இரண்டாம் படியிற் காலடி வைக்க இயலாது.

இவ்வேணியில் ஏறிய நம்மவர் பலர். உதாரணமாக, தெல்லிப்பழையில் 1908இற் பிறந்த டி. ரி. நைல்ஸ் பெங்களூரிலுள்ள ஐக்கிய இறையியற் கல்லூரியிற் பயின்றவர். 1948இல் அம்ஸ்டர்டாம் நகரிற் கூடிய உலகத் திருச்சபைகள் மன்றத்தின் முதல் மாநாட்டில் பேசும் பேறு அவருக்குக் கிட்டிற்று.

நம்மவர் இடறும் இடங்கள்

எவ்வகைக் கலாபீடமாயினும், நமது நாட்டு மாணவர் இடறக்கூடிய சில இடங்கள் உண்டு. அவற்றை ஒவ்வொன்றாகக் கூறுகிறோம்.

முதலாவது, பட்டத்தின் காலம். நமது சர்வகலாசாலைகளிற் பொதுப்பட்டம் மூன்றாண்டுகளிலும் சிறப்புப்பட்டம் நான்காண்டுகளிலும் முடிவது வழக்கம். அமெரிக்க சர்வகலாசாலைகள் பலவும் பட்டப்பின் படிப்புக்கு நான்காண்டுப் பட்டத்துக்கு நிகரான தகுதியை எதிர்பார்க்கின்றன. மூன்றாண்டுப் பட்டம் பெற்றவர், தமது பட்டம் ஏற்கப்படுமா என்று முதலில் எழுதிக் கேட்டறிதல் வேண்டும். ஏற்கப்படாதாயின், இங்கேயே பட்டப்பின் டிப்ளோமா அல்லது முதுமாணிப் பட்டம் ஒன்றைப் பெற்றுக்கொண்டு செல்வது ஒரு வழி. கேட்டறியாமற் கட்டணம் செலுத்தி விண்ணப்பிப்பது வீண் செலவாய் முடியலாம்.

இரண்டாவது, பெயர். இது சிறு விடயம்போலத் தோன்றும்; ஆனால் பெரும் இடர் விளைப்பது. நம்மிடையே தந்தை பெயரை முன்னெழுத்தாகக் கொள்வது வழக்கம். பிறப்புப் பத்திரத்தில் ஒருவிதமாகவும், பட்டப் பத்திரத்தில் இன்னொருவிதமாகவும், கடவுச்சீட்டில் மூன்றாவது விதமாகவும் ஒரே பெயர் ஆங்கில எழுத்துக்களிற் காணப்படுவதுண்டு. தூரதேசத்து அலுவலர் மூவரும் ஒருவரே என்று எவ்வாறு அறிவார்? விண்ணப்பிக்க ஓராண்டுக்கு முன்னரே இவற்றை ஒத்துப்பார்த்து, வேண்டிய திருத்தங்களைச் செய்துகொள்ளல் நன்று. தமிழிலுள்ள பத்திரங்களைச் சத்தியப்பிரமாணஞ் செய்த மொழிபெயர்ப்பாளரைக் கொண்டு மொழிபெயர்ப்பித்தலும் அவசியம்.

மூன்றாவது, பரிந்துரைக் கடிதம். பெரிய மனிதர் ஒருவரின் கடிதம் காரியத்தைச் சாதிக்கும் என்பது நம்மிடையே ஊறிய நம்பிக்கை. பாராளுமன்ற உறுப்பினரையும் ஊர்ப் பிரமுகரையும் நாடி ஓடுகிறோம். பிரவேசக் குழுவினரோ அக்கடிதங்களைப் பொருட்படுத்துவதில்லை. இம்மாணவன் எழுதிய ஆய்வுக் கட்டுரை எத்தகையது, வகுப்பில் எவ்வாறு வினாவினான், தவறு சுட்டப்பட்டபோது எவ்வாறு ஏற்றான் என்று எழுதக்கூடிய விரிவுரையாளரின் கடிதமே அவர்களுக்கு வேண்டியது. அமெரிக்காவிற் பெரும்பாலும் இத்தகைய கடிதங்கள் மூன்று கேட்கப்படும். ஆகவே, மாணவர்கள் படிக்கும் காலத்திலேயே தம் ஆசிரியர் மூவருக்கேனும் நன்கு அறிமுகமாயிருத்தல் வேண்டும்.

நான்காவது, நோக்கக் கட்டுரை. “சிறுவயது முதலே எனக்குக் கல்வியில் ஆர்வம்” என்று தொடங்கும் கட்டுரைகளை அவர்கள் ஆயிரக்கணக்கிற் படித்திருப்பார்கள். எந்தப் பிரச்சினையை ஆராய விரும்புகிறீர், இதுவரை அதுபற்றி என்ன கற்றீர், ஏன் இந்தப் பீடத்தில், எந்த ஆசிரியரிடம் கற்க விரும்புகிறீர் என்பவற்றைத் தெளிவாகவும் சுருக்கமாகவும் எழுதுதல் வேண்டும். தற்புகழ்ச்சி வேண்டியதில்லை; மிதமிஞ்சிய பணிவும் வேண்டியதில்லை.

ஐந்தாவது, காலமும் பணமும். அமெரிக்காவில் ஆகஸ்டு மாதத்தில் ஆரம்பிக்கும் வகுப்புக்கு, முந்திய டிசெம்பர் அல்லது ஜனவரியிலேயே விண்ணப்ப முடிவுநாள் வந்துவிடுவது வழக்கம். ஐஈஎல்டிஎஸ், டோபல் ஆகிய ஆங்கிலப் பரீட்சைப் பெறுபேறுகள் இரண்டாண்டுகளுக்கே செல்லும். அதற்கேற்பப் பரீட்சைக்குத் தோற்றுதல் வேண்டும். அனுமதி கிடைத்தபின்பும், செலவுக்கு வழியுண்டு என்பதற்கு ஆதாரம் காட்டினாற்றான் விசாவுக்கு வேண்டிய பத்திரத்தைச் சர்வகலாசாலை அனுப்பும். ஆதலால், காணியை ஈடு வைக்குமுன் உதவிநிதி பற்றி விசாரித்தறிவது பெற்றோரின் கடமை. கலாநிதிப் பட்ட ஆய்வாளர்க்குக் கட்டண விலக்கும் மாதாந்தப் படியும் அளிக்கும் கலாபீடங்கள் பலவுண்டு. முதுமாணிப் படிப்புக்கு அத்தகைய உதவி அரிது. இவ்வேறுபாட்டை அறியாமற் கடனாளியாவது பரிதாபத்துக்குரியது.

மறைப்பதும் நடிப்பதும் வேண்டாம்

இறுதியாக, எல்லாவற்றிலும் முக்கியமான ஒன்றைச் சொல்ல விரும்புகிறோம். சமயம் கேளாத கலாபீடத்துக்கு எழுதும்போது சிலர், தம்மைப் பக்திமான்களாகக் காட்டினால் அனுகூலம் உண்டாகும் என்று எண்ணி இல்லாத பக்தியை எழுதுகிறார்கள். சமயப் பற்றை எதிர்பார்க்கும் கலாபீடத்தின் உடன்படிக்கையைச் சிலர் படித்தும் பாராமற் கையொப்பமிடுகிறார்கள். “ஒரு கையெழுத்துத்தானே” என்று வீட்டிலுள்ள பெரியவர்களும் சிலவேளை தைரியம் கூறுகிறார்கள். இது பிள்ளைக்குச் செய்யும் நன்மையன்று. நடித்து நுழைந்தவன் படிக்கும் ஆண்டுகள் முழுவதும் நடிக்க நேரும். அந்நிய நாட்டில், தனிமையில், கடினமான படிப்பின் நடுவே அச்சுமை மிகப் பெரிது.

ஆறுமுக நாவலர் யாழ்ப்பாணத்தில் மெதடிஸ்த மிஷன் பாடசாலையிற் படித்தார், அங்கேயே படிப்பித்தார், பேர்சிவல் பாதிரியாரின் வேதாகம மொழிபெயர்ப்புப் பணிக்குத் துணை நின்றார். அவ்வளவு காலமும் சைவராகவே வாழ்ந்தார். அவர் எவர் என்பதைப் பாதிரியாரும் அறிவார். பாதிரியாரின் நோக்கம் எது என்பதை அவரும் அறிவார். மறைவு இல்லாத இடத்திலே கற்றலும் கற்பித்தலும் தடையின்றி நடந்தன.

அன்று பட்டத்துக்கு விலையாகக் கையொப்பத்தைக் கேட்டார்கள். டி மோர்கன் போன்றோர் பட்டத்தை விட்டனரேயன்றி மனச்சாட்சியை விடவில்லை. இன்று நம் பிள்ளைகளுக்கு அத்தகைய கடுஞ்சோதனை இல்லை. தமக்கு ஏற்ற வாயிலைத் தாமே தெரிந்தெடுக்கும் சுதந்திரம் அவர்களுக்கு உண்டு. விதிகளை ஊன்றிப் படித்து, வேண்டிய தகுதிகளை வேளையோடு தேடிக்கொண்டு, உள்ளதை உள்ளபடி எழுதி அனுப்புவார்களாயின், எந்த வாயிலிலும் அவர்கள் தலைநிமிர்ந்து நிற்கலாம்.